மோக்கா: பெயரும் சுவையும்

ஓர் ஊரின் பெயர் அவ்வூரோடு தொடர்புடைய பொருளுக்கு ஆகி வருவதை இடவாகுபெயர் என இலக்கண நூலார் வகுத்துள்ளனர். 'பத்தமடை விரித்தான்' என்றால் ஊரை விரித்ததாக எவரும் கொள்வதில்லை. பாயை விரித்தான் என்றே பொருள் கொள்கிறோம். இவ்வகைப் பெயர்களுள் இன்று உலகெங்கும் வழங்குவது 'மோக்கா' என்பது. பெருநகரக் காப்பிக் கடைகளில் சாக்லேட்டும் பாலும் கலந்த ஒரு பானத்துக்கு அப்பெயர். அதைக் கேட்டு வாங்கிப் பருகும் இளைஞர் பலருக்கு, மோக்கா என்பது ஏமன் நாட்டின் செங்கடற்கரையில் உள்ள ஒரு துறைமுகப்பட்டினம் என்பது தெரியாது.

இதில் வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. மோக்கா நகரில் காப்பி விளைவதில்லை. அது வெயில் காயும் மணற்கரை. காப்பி விளைவது அதற்கு அப்பால் உயர்ந்து நிற்கும் மலைகளில். மலையின் விளைபொருள் துறைமுகத்தின் பெயரைப் பெற்றது. பின்னர் அப்பெயர், அம்மலையின் கொட்டை ஒன்றுகூட இல்லாத பானத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பெயர் இருமுறை இடம் மாறிவிட்டது. முதன்முதலில் அது எந்தச் சுவையைக் குறித்ததோ, அச்சுவை எத்தகையது, எதனால் உண்டாயிற்று என்பதை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். காப்பியைக் 'குளம்பி' எனத் தனித்தமிழில் வழங்குவாரும் உளர். ஆயினும் 'கஹ்வா' என்னும் அரபுச் சொல், துருக்கி மொழியிலும் ஐரோப்பிய மொழிகளிலும் திரிந்து 'காப்பி' என நம்மிடம் வந்தது. அந்தப் பயணமும் இக்கட்டுரையின் பொருளோடு தொடர்புடையது என்பதால் நான் காப்பி என்றே எழுதுகிறேன்.

இப்பொருளில் எனக்கு ஆர்வம் உண்டானது என் தாய்மாமாவால். அவர் ஜித்தாவில் ஒரு பண்டகசாலையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கணக்கராகப் பணியாற்றியவர். அவருடன் ஒரே அறையில் தங்கியிருந்த நண்பர் ஏமனின் ஹராஸ் மலைப்பகுதியைச் சேர்ந்தவர். மாமா விடுமுறையில் ஊர் வரும்போதெல்லாம் பேரீச்சம்பழம், அத்தர், ஜம்ஜம் தண்ணீர் ஆகியவற்றோடு, அந்த நண்பர் கொடுத்தனுப்பிய காப்பிக் கொட்டைப் பை ஒன்றும் அவர் பெட்டியில் இருக்கும். அக்கொட்டைகள் சிறியவை, ஒன்றன் அளவு மற்றொன்றுக்கு இராது, பலவற்றின் விளிம்பு உடைந்திருக்கும். எங்கள் தெருவில் காப்பிக் கொட்டை வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடைக்காரர் அவற்றைக் கையில் அள்ளிப் பார்த்து, "மூன்றாந்தரமாக அல்லவா இருக்கிறது, பாய்?" என்றார். மாமா சிரித்துக்கொண்டே பையை வாங்கி வந்து, வீட்டில் இரும்புச் சட்டியில் கருகாமல் இளவறுப்பாக வறுத்து, இடித்து, பால் சேர்க்காமல் எங்களுக்குக் கொடுத்தார்.

சிக்கரி கலந்த, நுரை ததும்பும் பாற்காப்பியிலேயே வளர்ந்த எங்கள் நாவுக்கு அது காப்பியாகவே தோன்றவில்லை. முதலில் ஒரு புளிப்பு. அடுத்து உலர்ந்த திராட்சையையும் பேரீச்சம்பழத்தையும் நினைவூட்டும் இனிமை. முடிவில் பட்டை, கிராம்பு போன்ற நறுமணமும் கொக்கோவின் மெல்லிய கசப்பும். "இது காப்பியா, பழக்கஷாயமா?" என்று உம்மா கேட்டார்கள். ஏமன் காப்பியைப் பற்றிப் பிற்காலத்தில் நான் படித்த விளக்கங்கள் யாவும் உம்மாவின் அக்கேள்விக்கு விடையாகவே அமைந்தன.

நிலமும் பொழுதும்

தொல்காப்பியர் முதற்பொருளை நிலம், பொழுது என இரண்டாகப் பகுத்துள்ளார். ஒரு பயிரின் சுவையை ஆராய்வார்க்கும் அப்பகுப்பே முதற்படியாகும்.

செங்கடலை ஒட்டித் திஹாமா என்னும் வெப்பச் சமவெளி நீண்டு கிடக்கிறது. அதன் கிழக்கே மலைத்தொடர் செங்குத்தாக எழுகிறது. ஹராஸ், பனீ மதர், ஹைமா, ரைமா முதலிய காப்பி மலைகள் இத்தொடரில் உள்ளன. கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,500 முதல் 2,400 மீட்டர் வரையுள்ள உயரங்களில் காப்பி விளைகிறது. அங்கே பரந்த தோட்டங்கள் இல்லை. மலைச்சரிவில் கல்லடுக்கித் தாங்குசுவர் எழுப்பி, மண் நிரப்பிப் பல தலைமுறைகள் உருவாக்கிய படிக்கட்டு வயல்களே உள்ளன. ஒவ்வொன்றும் குறுகிய துண்டு நிலம்.

உயரத்தில் குளிர்ச்சி மிகுதி. குளிர்ச்சியில் காய் மெல்லப் பழுக்கும். மெல்லப் பழுக்கும் காயின் கொட்டை இறுகித் திரளும். அதில் சர்க்கரையும் அமிலங்களும் நிறைவாகச் சேரும். வாயில் முதலில் உணர்ந்த இனிய புளிப்புக்கு இது காரணம். ஆனால் இஃது உயர்மலைக் காப்பிகள் அனைத்துக்கும் பொதுவான இயல்பு. ஏமன் மலைகளின் சிறப்பியல்பு அவற்றின் நீரின்மையே. அராபிகா வகைக்கு ஆண்டுக்கு 1,500 மில்லிமீட்டர் அளவு மழை வேண்டும் என்பர். ஏமனின் காப்பி மலைகள் பலவற்றில் அதில் பாதியும் பெய்வதில்லை. பெய்யும் சிறிதளவும் இளவேனிலிலும் பின்கோடையிலுமாக இரு பருவங்களில் பெய்கிறது. வழிந்தோடும் மழைநீரை உழவர்கள் வாய்க்கால் வழியே படிக்கட்டு வயல்களுக்குத் திருப்பித் தேக்குகின்றனர். கடற்பக்கமிருந்து பள்ளத்தாக்குகளில் ஏறிவரும் மூடுபனி சிறிது ஈரம் தருகிறது. குடகுத் தோட்டங்களில் பெருமரங்கள் தரும் நிழலை அங்கே பனிமூட்டம் ஓரளவு தருகிறது எனலாம். இவ்வாறு வளரும் மரம் குறைவாகவே காய்க்கும், கொட்டையும் சிறுக்கும்.

மரமும் மரபும்

அராபிகா காப்பியின் தாயகம் எத்தியோப்பியாவின் தென்மேற்குக் காடுகள். ஆயினும் 1753-இல் லின்னேயஸ் அதற்குக் 'காஃபியா அராபிகா' எனப் பெயரிட்டார். ஐரோப்பியர் அறிந்த காப்பி அரபு மண்ணிலிருந்து வந்ததே இதற்குக் காரணம். காட்டு மரத்தைப் பயிராக்கிக் கடல் வணிகத்துக்குரிய பொருளாக்கியது ஏமன்.

ஏமனில் காப்பி பரவியதற்குச் சூஃபி மெய்ஞ்ஞானிகள் காரணமாயினர். 15-ஆம் நூற்றாண்டின் நடுவில், இரவு திக்ரில் உறக்கம் மேலிடாதிருக்க அவர்கள் இப்பானத்தைப் பருகினர். ஏடனில் வாழ்ந்து 1470-இல் மறைந்த ஜமாலுத்தீன் தப்ஹானி என்னும் அறிஞரின் பெயர் இவ்வரலாற்றில் முதன்மையாகக் குறிக்கப்படுகிறது. மோக்கா நகரில் அலீ இப்னு உமர் ஷாதுலி அவர்களின் பெயரால் ஒரு பழம்பள்ளிவாசல் உள்ளது. ஷாதுலிய்யா தரீக்கா நம் கடற்கரை ஊர்களான காயல்பட்டினம், கீழக்கரை ஆகியவற்றுக்கும் அறிமுகமானதே. கஹ்வா என்பது பழைய அரபியில் மதுவுக்கும் வழங்கிய பெயர் என்பதால், இப்பானம் ஆகுமானதா என்ற வழக்கும் எழுந்தது. 1511-இல் மக்காவில் கைர் பேக் என்னும் அதிகாரி காப்பிக்குத் தடை விதித்தார். அத்தடை நீடிக்கவில்லை.

பின்னர் ஏமனின் மரங்கள் உலகெங்கும் சென்றன. ஹஜ்ஜை நிறைவேற்றிய பாபா பூதன் என்னும் இறைநேசர் 17-ஆம் நூற்றாண்டில் மோக்காவிலிருந்து ஏழு கொட்டைகளைக் கொணர்ந்து சிக்கமகளூர் மலையில் நட்டார் என்பது மரபுவழிச் செய்தி. அம்மலை இன்றும் பாபா பூதன் கிரி என அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 1690-களில் டச்சுக்காரர் ஜாவாவுக்கும், 1715-இல் பிரெஞ்சுக்காரர் பூர்போன் தீவுக்கும் காப்பிச் செடிகளைக் கொண்டு சென்றனர். 'டிப்பிக்கா', 'பூர்போன்' என்னும் இவ்விரு வழிகளிலிருந்தே இன்று உலகில் பயிராகும் அராபிகா வகைகளுள் பெரும்பாலானவை கிளைத்தன.

இங்கே நோக்கத்தக்கது ஒன்று. வெளியே சென்றவை ஒரு சில மரங்களின் வழித்தோன்றல்கள் மட்டுமே. எஞ்சிய வகைகள் ஏமனிலேயே தங்கிவிட்டன. உதைனி, துஃபாஹி, தவாயிரி என உழவர்கள் அவற்றைத் தம் மொழியில் அழைக்கின்றனர். துஃபாஹ் என்றால் ஆப்பிள். தவாயிரி என்பது உருண்டை வடிவைக் குறிப்பது. ஏமன் மரங்களின் மரபணுக்களை ஆராய்ந்தோர், பிற நாட்டுத் தோட்டங்களில் காணப்படாத ஒரு மரபுக் குழுவைக் கண்டு, அதற்கு 'யமனியா' எனப் பெயரிட்டு 2020-இல் அறிவித்தனர். உலகுக்கெல்லாம் விதை வழங்கிய வீட்டில், வெளியே செல்லாத விதையும் இருந்தது என்பது இதனால் புலனாயிற்று.

கூரையும் திரிகையும்

நிலமும் மரமும் சிறந்திருந்தாலும் பக்குவம் செய்யும் தொழிலே சுவையை நிறைவு செய்கிறது. நம் ஊர்க் காப்பிக் கடைகளில் 'பிளாண்டேஷன்', 'செர்ரி' என்னும் இரு சொற்களைக் கேட்டிருப்போம். பழத்தின் சதையை நீக்கி, நொதிக்க வைத்து, நீரில் கழுவி உலர்த்தப்பட்ட அராபிகா பிளாண்டேஷன் ஆகும். பழத்தை அப்படியே முழுதாக உலர்த்திப் பின்னர்த் தோல் நீக்கினால் அது செர்ரி. கழுவும் முறைக்கு நீர் மிகுதியாக வேண்டும். குடிநீருக்கே மலையேறி இறங்கும் ஊர்களில் காப்பியைக் கழுவ நீர் ஏது? ஆகவே ஏமனில் தொன்றுதொட்டு இருப்பது உலர்முறையே.

அம்மலையூர்களின் வீடுகள் கல்லால் கட்டப்பட்டு, தட்டையான கூரையுடன் உயர்ந்து நிற்பவை. பறித்த பழங்களை அக்கூரைகளில் பரப்பி வாரக்கணக்கில் உலர்த்துவர். அந்நாள்களில் கொட்டை பழத்தின் இனிய சதைக்குள்ளேயே கிடக்கிறது. சதை சுருங்கி மெல்ல நொதிக்கிறது. அதனால் உண்டாகும் மாற்றங்கள் கொட்டைக்குப் பழமணத்தையும் கனத்தையும் தருகின்றன. உம்மா பழக்கஷாயம் என்றது இதைத்தான்.

உலர்ந்த பழத்தைத் திரிகைக் கல்லில் இட்டு உடைத்துத் தோல் நீக்குவது பழைய வழக்கம். பெரிய கல்லை ஒட்டகமோ கழுதையோ சுற்றும். இப்பொழுது எந்திரங்கள் வந்துவிட்டன. எங்கள் தெருக் கடைக்காரர் மூன்றாந்தரம் எனக் கருதிய உடைந்த விளிம்புகள் திரிகைக் கல்லின் தடங்களே. ஒரே வயலில் பலவகை மரங்கள் கலந்து நிற்பதால் கொட்டையின் அளவும் வேறுபடுகிறது. வறுக்கும்போது ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவில் சிவக்கிறது. அதனால் ஒரே குவளையில் பல சுவைகள் அடுத்தடுத்துத் தோன்றுகின்றன.

இன்னொரு வழக்கமும் உண்டு. நம் வீடுகளில் நகை இருப்பதுபோல் அவ்வுழவர் வீடுகளில் உலர்ந்த காப்பிப் பழம் இருக்கும். மகளின் நிக்காஹ், நோய், வீடு கட்டுதல் எனச் செலவு வரும்போது மூட்டையை இறக்கி விற்பர். தோலுக்குள் நெடுநாள் இருந்த கொட்டை காரம் தணிந்து முதிர்கிறது. பாதுகாப்பின்றிக் கிடந்தால் பூஞ்சை பிடித்து மண்வாடை வீசுவதும் உண்டு. ஏமன் காப்பி என்ற பெயரில் மட்டமான சரக்கு சந்தைக்கு வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உலர்முறை பிரேசிலிலும் எத்தியோப்பியாவிலும் உண்டு. உயர்மலை கொலம்பியாவிலும் உண்டு. தனித்தனியே நோக்கினால் ஏமனுக்கே உரியவை எனச் சொல்லத்தக்கவை சிலவே. நீரற்ற உயர்மலை, வெளியே செல்லாத பழமரபு மரங்கள், கூரையில் உலரும் பழம், திரிகைக் கல், ஒவ்வொரு வீட்டின் கைப்பக்குவம் ஆகிய அனைத்தும் ஒருங்கே அமைந்ததே அச்சுவையின் தனித்தன்மை. இவற்றுள் ஒன்றை நீக்கினாலும் அது வேறொரு காப்பியாகிவிடும்.

தோலும் கொட்டையும்

காப்பிக்குப் பெயர்பெற்ற ஏமனில் பல வீடுகளில் நாள்தோறும் பருகப்படுவது கொட்டையில் இறக்கிய காப்பி அன்று. திரிகையில் நீக்கிய தோலை இஞ்சியுடன் கொதிக்கவைத்த 'கிஷ்ர்' என்னும் பானமே. சிலர் பட்டையோ ஏலமோ சேர்ப்பர். "கொட்டை விற்பதற்கு, தோல் குடிப்பதற்கு" என்று மாமாவின் நண்பர் சொல்வாராம். மாமா இதை ஒரு நகைச்சுவையாகவே எங்களிடம் சொன்னார். எனக்கு அது நகைப்பாகப் படவில்லை. விளைவித்தவன் தோலைத் தனக்கென வைத்துக்கொண்டு கொட்டையை உலகுக்கு அனுப்புகிறான். அக்கொட்டைக்கு உலகம் கொடுத்த விலை அவன் கூரை வரை சென்று சேர்ந்ததா என்பதே கேள்வி.

பெயரும் ஊரும்

மலையிலிருந்து இறங்கிய காப்பி பைத்துல் ஃபகீஹ் என்னும் ஊரின் சந்தையில் விலைபோய், மோக்காவில் கப்பலேறியது. 1616-இல் டச்சு வணிகர் பீட்டர் வான் டென் புரூக் அங்கே வந்தார். 1618-இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே பண்டகசாலை அமைத்தது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை உலகச் சந்தைக்குக் காப்பி தந்த ஒரே நாடு ஏறத்தாழ ஏமனே எனலாம். பின்னர் ஜாவாவிலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் அடிமைகளையும் கட்டாய உழைப்பையும் கொண்டு விளைவித்த மலிவான காப்பி பெருகியது. 1839-இல் ஆங்கிலேயர் ஏடனைக் கைப்பற்றிய பின், வணிகமும் அத்துறைமுகத்துக்கு மாறியது. மோக்கா சிற்றூராகச் சுருங்கியது. ஊர் தேய்ந்தது; பெயர் வளர்ந்தது. ஏமன் காப்பியில் இயல்பாக உள்ள கொக்கோச் சாயலை நினைவிற்கொண்டோ என்னவோ, சாக்லேட் கலந்த பானத்துக்கு அப்பெயர் நிலைத்துவிட்டது.

மலைகளிலோ 'காத்' என்னும் இலை காப்பியின் இடத்தைப் பிடித்தது. மெல்லுவதற்கான அவ்விலையை ஆண்டுக்குப் பலமுறை பறிக்கலாம். பறித்த அன்றே பணம் கிட்டும். காப்பியோ ஆண்டுக்கொரு பருவம் காத்திருக்க வைப்பது. கிணற்று நீரைக் காத் குடிக்கக் காப்பி மரங்கள் பல வெட்டுண்டன. இதற்கு மாறாக நடந்த முயற்சியும் உண்டு. ஹராஸ் பகுதியைப் புனிதத் தலமாகப் போற்றும் போஹ்ரா சமூகத்தினர் அங்கே காத்தை அகற்றிக் காப்பி நடுவதை ஊக்குவித்தனர்.

அதன்மேல் போர் வந்தது. 2014 செப்டம்பரில் தலைநகர் ஸன்ஆ கைமாறியது. 2015 மார்ச்சில் வான்தாக்குதல்கள் தொடங்கின. அவ்வாண்டில், ஏமனிய வழியில் வந்த அமெரிக்கரான முக்தார் அல்கன்ஷலி என்பார், தாம் திரட்டிய காப்பி மாதிரிகளுடன் மோக்காவிலிருந்து சிறு படகில் செங்கடலைக் கடந்து வெளியேறினார். அவர் வரலாற்றை டேவ் எக்கர்ஸ் எழுதிய நூல் 2018-இல் வெளிவந்தது. ஒரு காலத்தில் கப்பல்கள் வரிசையில் நின்ற துறைமுகத்திலிருந்து, ஒரு பயணப்பெட்டியில் அடங்கும் காப்பி உயிருக்கு அஞ்சிப் படகேறிய காட்சியை எண்ணும்போது உள்ளம் கனக்கிறது. இன்று உயர்தர ஏமன் காப்பி வெளிநாட்டுச் சந்தையில் மிக உயர்ந்த விலைக்குப் போகிறது. அமெரிக்காவின் டியர்பார்ன் நகரில் ஏமனியர் தொடங்கிய காப்பிக் கடைகள் பிற நகரங்களுக்கும் பரவியுள்ளன. பெயர் தன் சொந்தக்காரரிடம் சிறிது சிறிதாகத் திரும்புகிறது என இதனைக் கொள்ளலாம்.

"வறுமையும் துன்பமும்தான் அக்காப்பிக்குச் சுவை தந்தன" என்று பாராட்டிவிட்டுக் குவளையைக் கீழே வைப்பது எளிது. அப்பாராட்டு உண்மையும் அன்று, அறமும் அன்று. நீரின்மை நிலத்தின் இயல்பு. வறுமை மனிதர் செய்தது. சுவைக்குக் காரணம் முன்னது. பின்னதற்கு அதில் பங்கில்லை. உழவனுக்கு நல்ல விலை கிடைத்தால் நன்கு சிவந்த பழத்தை மட்டும் பொறுமையாகப் பறிப்பான். நல்ல பாயில் உலர்த்துவான். இடிந்த தாங்குசுவரைக் கட்டுவான். காத்துக்காகக் காப்பி மரத்தை வெட்டமாட்டான். அவன் வாழ்வு உயர்ந்தால் சுவையும் உயருமேயன்றிக் குறையாது. ஒரு பொருளின் சுவையைப் போற்றுவோர் அது விளைந்த ஊரையும் கையையும் கேட்டறிவது நன்று. காப்பிக்கு மட்டுமன்று, நாம் உண்ணும், உடுக்கும் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். மாணவச் செல்வங்கள் இதனை மனங்கொள்ள வேண்டும்.

மாமாவின் நண்பர் 2013-இல் ஹராஸுக்கே திரும்பிவிட்டார். அடுத்த ஆண்டும் யாரிடமோ ஒரு பை கொடுத்தனுப்பினார். 2015-க்குப் பின் பையும் வரவில்லை. நெடுநாள் செய்தியும் இல்லை. 2022 ஏப்ரலில் போர்நிறுத்தம் வந்த பின்னர், ஒரு நாள் அவரிடமிருந்து மாமாவின் கைப்பேசிக்குக் குரல்வழிச் செய்தி வந்தது. வீட்டில் சேமித்து வைத்திருந்த மூன்று மூட்டை உலர்பழத்தில் இரண்டை மனைவியின் மருத்துவத்துக்காக விற்றாயிற்று, அவர் நலமாயிருக்கிறார், மூன்றாவது மூட்டை இருக்கிறது, வழி திறந்தால் அதிலிருந்து ஒரு பை அனுப்புகிறேன் என்று சொல்லியிருந்தார். இறுதியில் உம்மாவின் நலத்தையும் விசாரித்திருந்தார். மாமா அச்செய்தியை அழிக்காமல் வைத்திருக்கிறார்.